பழைய சேத்தக்கும் புதிய சேத்தக்கும்

ராணா பிரதாப்பின் குதிரைக்குச் சேத்தக் என்று பெயர். அந்தப் பெயரைத் தாங்கி 1972 இல் பஜாஜ் நிறுவனத்தின் பெட்ரோல் ஸ்கூட்டர் வந்தது. 2020 இல் அதே பெயரில் மின் ஸ்கூட்டர் விற்பனைக்கு வந்தது. இரண்டையும் இயற்பியல் தராசில் நிறுத்துப் பார்ப்போமா?

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் வெப்ப ஆற்றல் உண்டு. புதிய சேத்தக்கின் மின்கலம் முதலில் வந்தபோது 3 யூனிட் கொண்டது. பெட்ரோல் கணக்கில் மூன்றில் ஒரு லிட்டர்தான்! அதில் 95 கிலோமீட்டர் ஓடும் என்றது நிறுவனம். சாலையில் 75 என்றே கொள்வோம். பழைய வண்டி அவ்வளவு பெட்ரோலில் 15 கிலோமீட்டர் ஓடினால் பெரிது. காரணம், இருவீச்சு எஞ்சினில் எரிந்த புகையோடு புதிய கலவையின் ஒரு பகுதியும் எரியாமலே வெளியேறிவிடுகிறது.

"மின்சாரமே நிலக்கரியிலிருந்துதானே வருகிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தூத்துக்குடி அனல்மின் நிலையம் போன்றவற்றில் நிலக்கரி வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. கம்பி இழப்பையும் கழித்தால், 9 யூனிட் வெப்பத்துக்கு மின் வண்டி 60 கிலோமீட்டர் ஓடும். பெட்ரோல் வண்டி 45. மேலும், அதே வெப்பத்துக்கு நிலக்கரி அதிகக் கரியமில வாயுவைத் தருகிறது. எனவே விளம்பரம் சொல்லும் அளவு பெரிய வெற்றி அன்று. காற்றாலை, சூரிய மின்சாரம் சேரச் சேரத்தான் மின் வண்டியின் கை ஓங்கும்.

இருந்தாலும் பழைய ஸ்கூட்டரின் மவுசு குறையாததற்கு இந்தக் கணக்கு காரணமன்று. பழைய நினைவு என்பதும் பாதி விடைதான். மீதி விடை பட்டறையில் இருக்கிறது. தருவைகுளம் போன்ற கடற்கரை ஊரில் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். பழைய வண்டியின் தகடு துருப்பிடித்தால் ஒட்டுப்போட்டு வர்ணம் பூசலாம். கார்புரேட்டர் அடைத்தால் கழற்றி ஊதலாம். பிளக்கில் கரி படிந்தால் உப்புத்தாளால் தேய்க்கலாம். மின் வண்டியின் மின்னணுப் பலகை பழுதானாலோ, உள்ளூர் மெக்கானிக்கிடம் பெரும்பாலும் சுற்று வரைபடமும் இருக்காது, உதிரிப் பாகமும் கிடைக்காது. மீன்கூடை ஏற்றிச் செல்பவருக்கு வண்டி நின்ற நாள் வருமானமும் நின்ற நாள்.

ஆக, குறை மோட்டாரில் இல்லை. அதைப் பூட்டி வைத்திருக்கும் முறையில் இருக்கிறது. வரைபடமும் உதிரிப் பாகமும் ஊர்ப் பட்டறைக்கு எட்டட்டும். மின் வண்டி வாங்கப் போகும் நண்பர்களே, எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்பதோடு நிறுத்தாமல், நின்றுவிட்டால் நம் ஊரில் யார் சரிசெய்வார் என்றும் கேளுங்கள்.