கிடாயும் காளைக்கன்றும்

2003-இல் திருச்சி மாவட்டத்துக் கோயில் ஒன்றில் எருமைகள் கூட்டமாகப் பலியிடப்பட்ட செய்தி வந்தது. 1950-இல் இயற்றப்பட்டு ஏட்டளவில் கிடந்த விலங்கு, பறவை பலித் தடைச் சட்டத்தைக் கண்டிப்பாக அமல்படுத்த முதலமைச்சர் ஜெயலலிதா உத்தரவிட்டார். கிராமக் கோயில் பூசாரிகளும் குடிபாட்டுக்காரர்களும் கொதித்தார்கள். 2004-இல் மக்களவைத் தேர்தல் நெருங்கும் வேளையில் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. சைவ உணவின் அறத்தை அதே மாவட்டத்து லால்குடியில் உட்கார்ந்து யோசிக்கிறவர் இதைத் தாண்டிப் போக முடியாது. தடையை ஆதரித்தவர்கள் காட்டுமிராண்டித்தனம் என்றார்கள். எதிர்த்தவர்கள் எங்கள் சாமி, எங்கள் வழக்கம் என்றார்கள். வெட்டுப்பட்ட உயிர் எப்படி வாழ்ந்தது, எவ்வளவு துன்பப்பட்டது என்ற பேச்சுக்கு அந்தச் சச்சரவில் இடமே இருக்கவில்லை.

சட்டத்தின் ஓட்டை வெளிப்படையானது. கறுப்பசாமி கோயில் வாசலில் வெட்டினால் குற்றம். அதே கிடாயை நாலு தெரு தள்ளிக் கறிக்கடையில் அறுத்துக் கொக்கியில் தொங்கவிட்டால் தொழில். ஆட்டுக்கு அதனால் ஒரு நாள் ஆயுள்கூடக் கூடவில்லை. கோயிலிலாவது மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஆடு உடம்பை உதறித் துலுக்கினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம்; துலுக்காவிட்டால் கூட்டம் கைகட்டி நிற்கும், மறுபடி தண்ணீர் தெளிப்பார்கள். ஓர் உயிரை அதன் சம்மதமில்லாமல் எடுப்பதில் உள்ள கூச்சம் அந்தச் சடங்குக்குள்ளேயே இருக்கிறது. கறிக்கடையில் அந்தக் கூச்சமும் இல்லை.

அதற்காகப் பலி சரியென்று ஆகிவிடாது. உதறியது ஈரத்துக்காக என்பது ஆடு வளர்த்த எல்லோருக்கும் தெரியும். 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, மத வழக்கம் கோரும் முறையில் கொல்வதற்கு விலக்குத் தருகிறது. சட்டத்துக்கு வழக்கம் போதும், அறத்துக்குப் போதாது. தலைமுறை தலைமுறையாகச் செய்கிறோம் என்பதே நியாயமென்றால் தீண்டாமைக்கும் அதே நியாயம் கிடைத்துவிடும். என் அளவுகோல் ஒன்றுதான்: நம் தட்டுக்காக ஓர் உயிர் பட்ட துன்பம் எவ்வளவு, அதை நம்மால் தவிர்க்க முடியுமா?

இந்த அளவுகோலை எடுத்தால் முதலில் பாலை நிறுக்க வேண்டும். கொள்ளிடத்துக்குத் தெற்கே ஸ்ரீரங்கத்தில் புலால் புழங்காத வீடுகள் பல தலைமுறையாக உண்டு. பக்கத்துத் திருவானைக்காவலில் உச்சிகாலத்தில் அர்ச்சகர் சேலை உடுத்திப் பசுவுக்குப் பூசை செய்கிறார். அந்த மதிப்பு உண்மையானது. ஆனால் காப்பிக்குப் பால் வரும் தொழுவத்தையும் பார்க்க வேண்டும். லால்குடிப் பக்கம் இரண்டு மாடு வைத்திருக்கும் வீட்டில் விடியுமுன் கன்றை அவிழ்த்துவிடுவார்கள். அது முட்டி முட்டி நாலு வாய் குடித்ததும் மடி சுரக்கும். உடனே இழுத்துத் தாயின் முன்காலருகே கட்டுவார்கள். தாய் கன்றை நக்கிக்கொண்டே நிற்க, பால் செம்பில் இறங்கும். கன்று செத்துவிட்டால் அதன் தோலில் வைக்கோல் திணித்து நிறுத்திக் கறக்கும் வழக்கமும் இருந்தது.

கிடேரிக்கன்று பிறந்தால் வீட்டில் தங்கும். காளைக்கன்று பிறந்தால்? உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. திமிலில்லாத ஜெர்சிக் கலப்பு வண்டிக்கும் சரிவராது. கருவூட்டல் ஊசி வந்தபின் பொலிகாளைக்கும் வேலையில்லை. அதற்கு விடும் பால் விற்கும் பாலில் குறையும் என்பதால் சீக்கிரமே தரகர் கைக்கு மாறுகிறது. கறவை வற்றிய பசுவும் மணப்பாறை போன்ற சந்தைகளைக் கடந்து கேரளத்துக்கு லாரி ஏறுகிறது. பத்து வயது கடந்து வேலைக்கும் இனவிருத்திக்கும் ஆகாத மாட்டைச் சான்றிதழ் பெற்று வெட்ட 1958-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டமே வழி வைத்திருக்கிறது. மாடு வளர்ப்பவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. வற்றிய மாட்டுக்கு ஆயுள் முழுக்கத் தீவனம் போட அவரிடம் காசில்லை. பால் வாங்குகிற நாமும் அதற்கான விலையைக் கொடுப்பதில்லை. பாலும் மாட்டுக்கறியும் ஒரே தொழிலின் இரண்டு விளைச்சல். ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதைத் தின்கிறவரை இழிவாகப் பார்ப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

சமயபுரத்தில் சனிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வரும் ஆடுகளில் பல, வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் தாயோடு மேய்ந்து வளர்ந்தவை. 2011-இல் அரசு ஏழைக் குடும்பங்களுக்கு விலையில்லா ஆடுகளை நான்கு நான்காகக் கொடுத்தது. நிலமில்லாத பெண்ணுக்கு ஆடுதான் சேமிப்பு. பள்ளிச் செலவோ பிரசவச் செலவோ வந்தால் ஒன்று சந்தைக்குப் போகும். அந்த ஆட்டின் வாழ்வில் பெரிய கொடுமை கடைசி நாளில்தான் வருகிறது. நாமக்கல் பண்ணைக் கூண்டில் இறக்கை விரிக்க இடமில்லாமல் ஓராண்டுக்கு மேல் முட்டையிடும் கோழிக்கு ஒரு நல்ல நாளும் கிடையாது. அந்த இனத்துச் சேவல் குஞ்சுகள் பொரித்த அன்றே ஒழிக்கப்படுகின்றன. ஒரு பசு பல்லாயிரம் லிட்டர் தருவதால், ஒரு டம்ளருக்கு இத்தனை துன்பம் என்று வகுத்தால் பாலின் பங்கு சிறிதாகும் என்பதை மறுக்கவில்லை. முட்டைக்கு அந்தச் சலுகையும் இல்லை. அப்படியிருந்தும் முட்டை மட்டும் சாப்பிடுகிறவரைப் பாதிச் சைவமாக ஏற்றுக்கொள்கிறோம்; கிடாய் வெட்டுக்குப் போகிறவரைக் கீழே வைக்கிறோம். இந்த வரிசை சாதி போட்டுக் கொடுத்தது. துன்பத்தை அளந்து போட்டதல்ல.

சோறு மட்டும் சுத்தமா என்பார்கள். நியாயமான கேள்வி. அறுவடை முடிந்த டெல்டா வயல்களில் இராமநாதபுரத்துக் கீதாரிகளின் செம்மறிகளைக் கிடை போட்டு உரமேற்றுகிறார்கள், பயிரில் எலிக்குக் கிட்டி வைக்கிறார்கள், பூச்சிமருந்து அடிக்கிறார்கள். உயிர்ச்சேதமே இல்லாத சோறு காவிரிக் கரையில் விளைவதில்லை. ஆனாலும் இந்த வாதம், விலங்குப் பொருள் எதுவும் சேராத வீகன் உணவை வீழ்த்தவில்லை. கறிக்கோழி மக்காச்சோளமும் சோயாவும் தின்று வளர்கிறது. அந்தப் பயிர்களிலும் எலி செத்திருக்கும், கடைசியில் கோழியும் சாகும். புல் மட்டும் மேய்ந்த ஆட்டின் விஷயத்தில்தான் வாதம் ஓரளவு நிற்கிறது. வாரந்தோறும் பிரியாணி கேட்கும் திருச்சி நகரத்துக்கு அப்படிப்பட்ட வரப்பு ஆடுகள் காணாது.

எனவே அறத்தின் தராசில் பாலும் முட்டையும் கறியும் விட்ட நனிசைவம்தான் கனமானது. கைக்கு எட்டுமா என்பது அடுத்த கேள்வி. லால்குடிச் சமையலில் பாதி ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது: இட்லி, கடலைச் சட்னி, கீரை மசியல், வாழைப்பூப் பொரியல், நல்லெண்ணெய்ப் புளியோதரை, சுண்டல், பானகம். தடுமாற்றம் காப்பியிலும் தயிரிலும் நெய்யிலும். கடையில் விற்கும் பாதாம் பாலும் சோயா பாலும் ஆவின் பாலைவிட விலை அதிகம். நிலக்கடலையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பால் மலிவு. அதில் பச்சைக்கடலை வாடை போகக் கொதிக்கவைக்க வேண்டும், தயிராக உறைவது பசும்பால் தயிர் மாதிரி வராது. கால்சியத்துக்குக் கேழ்வரகும் எள்ளும் உண்டு. கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட வேண்டும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் கெடும்.

பி12 விஷயத்தில் சமரசமே கூடாது. அது தாவர உணவில் இல்லை. ஒரு நாளைக்கு வேண்டியது இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று அதிகம்தான். கல்லீரலில் பழைய சேமிப்பு இருக்கும்வரை குறை தெரியாது. தெரியும்போது பாதம் மரத்து, நினைவு தடுமாறி, களைப்பு ஆளை அமுக்கும். பால் குடிக்கும் சைவர்களிலேயே பலருக்கு இது குறைவு. பாலையும் விட்டவர் மாத்திரை போட்டே ஆக வேண்டும். நம் முன்னோர் மாத்திரை போட்டார்களா என்று கேட்பவர்கள், முன்னோர் தயிர் சாப்பிட்டார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். சம்பாத்தியமும் தெளிவும் உள்ள, வளர்ந்த ஒருவருக்கு இது முடிகிற காரியம். அவர் செய்யாமலிருக்க நாக்கைத் தவிர வேறு காரணம் சொல்ல முடியாது என்பதே என் முடிவு.

பிறர்மேல் இந்த உணவுமுறையைச் சுமத்தும்போது அந்த நியாயம் போய்விடுகிறது. திருக்குறளில் புலால் மறுத்தலும் கொல்லாமையும் துறவறவியலில் இருக்கின்றன. இல்லறவியலில் விருந்தோம்பல் இருக்கிறது. வள்ளுவர் இந்த நோன்பை யார் தோளில் வைத்தார் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. புலால் உண்பவரைப் புறவினத்தார் என்று தள்ளிவைத்த வள்ளலாரும் அவர்கள் பசியை ஆற்றத்தான் வேண்டும் என்றார். 1867-இல் வடலூரில் அவர் மூட்டிய தருமசாலை அடுப்பு அதற்காகத்தான். சமயபுரத்தில் மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் மாரியம்மனே பச்சைப் பட்டினி கிடக்கிறாள். அந்த நாட்களில் இளநீரும் பானகமும் நீர்மோரும் துள்ளுமாவும்தான் நைவேத்தியம். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் கறி தின்கிற குடும்பங்களும் கவிச்சியை ஒதுக்கிவைக்கின்றன. போலீஸ் வரவில்லை, அபராதம் இல்லை. 2003-இல் உத்தரவு போட்டும் முடியாதது ஆண்டுதோறும் அங்கே தானாக நடக்கிறது. 'சைவம் மட்டும்' என்று பலகை மாட்டி வாடகைக்கு வருகிறவரின் சாதியைத் துருவும் வீடு எந்த மிருகத்தையும் காப்பாற்றுவதில்லை. ஒரு மனிதரை அவமானப்படுத்துகிறது.

குழந்தைகளின் தட்டு இன்னும் கடினம். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது திருச்சியை ஒட்டிய பாப்பாக்குறிச்சியில். 1989-இல் அதில் முட்டை சேர்ந்தது. முட்டை வேண்டாம் என்ற பிள்ளைக்கு வாழைப்பழம் என்பது ஏற்பாடு. முட்டையில் ஆறு கிராம் புரதம், பழத்தில் ஒன்று. பழத்தில் பி12 சுத்தமாக இல்லை. கைப்பிடி வறுத்த கடலையோ கொண்டைக்கடலைச் சுண்டலோ புரதக் கணக்கை நேராக்கும், பி12 மாத்திரை மீதியை ஈடுகட்டும். இந்த மாற்று வரும்வரை, வீட்டில் வேறு சத்தில்லாத குழந்தையின் தட்டிலிருந்து கருணையின் பெயரால் முட்டையை எடுப்பதை நான் ஏற்கமாட்டேன். கூண்டுக் கோழியின் துன்பத்துக்கு அந்தக் குழந்தை பொறுப்பில்லை. கொள்முதல் செய்கிற அரசு பொறுப்பு; இவ்வளவு பெரிய கொள்முதல்காரர் டெண்டரில் கூண்டின் அளவுக்கு ஒரு நிபந்தனை எழுதினால் நாமக்கல் பண்ணைகள் கேட்கத்தான் வேண்டும். ஜீவகாருண்யம் பேசும் சபைகள் அந்த டெண்டர் நிபந்தனையைக் கேட்டு முதல் மனுவைக் கொடுக்கலாம்.