எழுபது சதவீதம், எத்தனை மணிக்கு?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொரு மணி தாண்டிய சற்று நேரத்தில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று பாய்ந்ததே காரணம் என்றார் மின்சக்தி அமைச்சர். நாடே சிரித்தது. ஆனால் குரங்கின் மேல் முழுப் பழியையும் போட முடியாது. விடுமுறை நாளென்பதால் மின்சாரத் தேவை குறைவு. வெயிலோ உச்சத்தில், கூரைகளிலிருந்து சூரிய மின்சாரம் கொட்டிக்கொண்டிருந்தது. பாரமான சுழலிகள் போதிய அளவு ஓடினால்தான், அவற்றின் சுழற்சியே இப்படியான குலுக்கலைத் தாங்கும். அன்று அந்தப் பலம் போதவில்லை. நுரைச்சோலையின் மூன்று நிலக்கரி அலகுகளும் ஒன்றாக விழுந்தன. அவை மீள எழும்வரை அடுத்த நாட்களில் ஒன்றரை மணி நேர மின்வெட்டு.

இது திட்டமில்லாத நாட்டில் நடந்த விபத்தல்ல. அடுத்த 20 ஆண்டுகளுக்கான மின் உற்பத்தி விரிவாக்கத் திட்டத்தை மின்சார சபை இரண்டு ஆண்டுக்கொருமுறை புதுப்பித்து, பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் அங்கீகாரத்துக்கு அனுப்பிவந்தது. நம் அரச நிர்வாகத்தில் அரிதான நல்ல வழக்கம் இது. எந்த ஆண்டில் எந்த நிலையம், என்ன செலவு என்ற கணக்கு வெளியே கிடக்கிறது. யாரும் குறுக்குக்கேள்வி கேட்கலாம். 2017இல் சபை நிலக்கரி வேண்டுமென்றது, ஆணைக்குழு நிலக்கரி இல்லாத திட்டத்தை அங்கீகரித்தது. அந்த இழுபறியில் காலம் வீணானது உண்மை. இருந்தாலும் மூடிய அறைப் பேரத்தைவிட அது மேல்.

சிக்கல், கணக்குக்கு முன்பே விடை தீர்மானிக்கப்பட்டதில் தொடங்குகிறது. 2030க்குள் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்று அரசாங்கம் அறிவித்தது. 2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் தடைசெய்ததும் அதே அரசாங்கம்தான். உரத் தடையைப் போல இந்த இலக்கு அசட்டுத்தனமானதல்ல. மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில், நீர்மின்சாரத்தின் தயவால், ஏறத்தாழப் பாதி மின்சாரம் என்ற அளவை ஏற்கெனவே எட்டிவிட்டோம். ஆனால் 70 என்பது ஆண்டுக் கணக்கு. நமது தட்டுப்பாடு மாலை ஏழு மணிக்கு வருகிறது, வீடுகளில் விளக்கெரிந்து சமையல் நடக்கும் நேரத்தில். ஞாயிறு நண்பகலில் மிஞ்சுவது அந்த ஏழு மணிக்கு உதவாது.

2016இல் தொடங்கிய கூரைச் சூரிய மின்சாரத் திட்டம், நேரத்தைப் பார்க்காத இந்தப் பிழைக்கு விலையே நிர்ணயித்தது: முதல் ஏழு ஆண்டுகளுக்கு அலகுக்கு 22 ரூபா, பின்னர் 15.50. எந்த மணிக்குக் கொடுத்தாலும் ஒரே விலை. பிறகு யார் கைக்காசு போட்டு பற்றரி வாங்குவார்கள்? கூரையில் தகடு பொருத்தியவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை, சொன்ன விலைக்குச் சொன்னதைச் செய்தார்கள். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் சபை அவர்களையே பார்த்து, பகலில் சூரிய மின்தொகுதியை நிறுத்தி வையுங்கள் என்று கேட்க வேண்டியதாயிற்று. மிஞ்சும் மின்சாரத்தால் நீரை மேலேற்றி, மாலையில் இறக்கி மின்னெடுக்கும் 600 மெகாவொட் மகா ஓயாத் திட்டம் இன்னும் கட்டி முடியவில்லை.

விலை விடயத்தில் திட்டத்துக்கு வெளியே நடந்தது இன்னும் மோசம். மன்னார், பூநகரிக் காற்றாலைகளை அதானி நிறுவனத்துக்குப் போட்டிக் கேள்விமனு இல்லாமல் கொடுக்க முயன்றபோது பேசிய விலை அலகுக்கு 8.26 அமெரிக்க சதம். நிறுவனம் 2025இல் விலகிக்கொண்டது. அதே ஆண்டு, மன்னாரில் கேள்விமனு மூலம் ஒப்பந்தமான 50 மெகாவொட் காற்றாலைக்கு 4.65 சதம்.

நிலத்தைத் திட்டம் வெற்றுத் தாளாகவே பார்க்கிறது. சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்தார்கள். அவர்களது ஊரில் நிலக்கரி நிலையம் பல ஆண்டுகள் பட்டியலில் இருந்து, 2016இல் கைவிடப்பட்டு, இப்போது சூரிய மின்நிலையமாக வருகிறது. பட்டியலில் எரிபொருள்தான் மாறியது, இடம் மாறவில்லை.

மன்னார்த் தீவில் தம்பபவனி காற்றாலையின் 30 காற்றாடிகள் 103.5 மெகாவொட் திறனோடு 2020 முதல் நிற்கின்றன. நாட்டின் சிறந்த காற்று அங்கேதான் என்பதில் சந்தேகமில்லை. புதிய காற்றாடிகளுக்கான பாகங்கள் 2025 ஓகஸ்டில் வந்தபோது மக்கள் வீதியில் இறங்கி மறித்தார்கள். ஜனாதிபதி ஒரு மாதம் பணிகளை நிறுத்திவைத்தார். மாரியில் வெள்ளம் வடியவில்லை, மீன்பாடு குறைந்துவிட்டது என்பது அவர்கள் குறை. மீன்பாட்டுக்கு ஆய்வு வேண்டும். தாழ்ந்த மணல் தீவில் நீரோடும் வழியில் வீதியும் அத்திவாரமும் போட்டால் என்னாகும் என்பதற்குப் பெரிய ஆய்வு தேவையில்லை. ஆனால் சுற்றாடல் மதிப்பீடு ஒவ்வொரு காற்றாலைக்கும் தனித்தனியாகவே நடக்கிறது. தீவு மொத்தமாக எத்தனை காற்றாடிகளைத் தாங்கும் என்ற கேள்வி, திட்டத்தில் மெகாவொட்டை எழுதுவதற்கு முன்பே அத்தீவின் பேசாலை மக்களோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டியது.