திப்புவின் காசில் இல்லாத பெயர்

ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் மைசூர்த் தமிழர் நாம் முதலில் கூட்டிப்போவது ஸ்ரீரங்கப்பட்டணம். அங்கே திப்புவைப் பற்றி இரண்டு பேச்சு கேட்கலாம்: மதவெறியன், பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்த புரட்சிக்காரன். 2015இல் மாநில அரசு திப்பு ஜயந்தி கொண்டாடியதும் 2019இல் நிறுத்தியதும் இந்தப் பேச்சுகளின் பலன்தான். கிரீஷ் கார்னாட் திப்புவின் கனவுக் குறிப்பேட்டை வைத்து நாடகம் எழுதினார். நல்ல நாடகம். ஆனால் கனவு ராத்திரிச் சமாசாரம். பாத்திரக்கடைக்காரனான நான் பகலில் புழங்கிய காசைத் திருப்பிப் பார்க்கிறேன்.

தகப்பனார் ஹைதரின் வராகனில் ஒரு புறம் சிவனும் பார்வதியும். மறுபுறம் அவர் பெயரின் முதல் எழுத்து மட்டும். சிம்மாசனத்தில் உடையாரை வைத்து, நிழலில் ஆண்டவர் அவர். மகன் தெய்வ உருவங்களை எடுத்தார். வராகனுக்கு ஃபாரூகி, இரட்டை வராகனுக்கு சித்தீகி என்று ஆதி கலீபாக்களின் பட்டங்களைச் சூட்டினார். "பார்த்தீங்களா, மதம்!" என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். அவர் ரூபாயில் அவர் பெயரே கிடையாது! இறைவனே ஒப்பற்ற, நீதியுள்ள சுல்தான் என்ற பொருளில்தான் வாசகம்.

வம்சப் பாத்தியதை இல்லாதவருக்கு ஆள யார் அனுமதி கொடுப்பது? 1786இல் துருக்கி சுல்தானுக்குத் தூது அனுப்பினார். 1796இல் உடையார் இறந்தபின் வேறொருவரை அமர்த்தவில்லை. இறைவன் தந்த ராஜ்யம், 'குதாதாத் சர்க்கார்', என்ற பெயரே போதும் என்றிருந்தார். 1797இல் அதே கோட்டையூரில் பிரெஞ்சுச் சிப்பாய்கள் மன்னராட்சிக்கு எதிராகச் சங்கம் வைத்தார்கள் என்கிறது, ஆங்கிலேயர் கைப்பற்றி அச்சிட்ட கடிதக்கட்டு. எதிரி அச்சிட்டது, நிறுத்துப் பார்த்தே வாங்கணும்.

ஆக, வம்சத்திடமிருந்து அதிகாரத்தைப் பிடுங்கியது வரை அது புரட்சிதான். ஆனால் அது குடிகளிடம் வரவில்லை, மேலே போய்விட்டது. சந்தனமும் மிளகும் சர்க்கார் ஏகபோகம். வியாபாரி ஜாதிக்கு இது கசக்கத்தான் செய்யும். 1791இல் மராட்டியப் படை சூறையாடிய சிருங்கேரி மடத்துக்குப் பணமும் மரியாதையும் அனுப்பினவரும் அவர்தான். குடகரையும் மங்களூர்க் கிறிஸ்தவரையும் சிறைபிடித்து ஓட்டிவந்தவரும் அவர்தான். ஒன்றை வைத்து மற்றதைக் கழிக்கிற கணக்கு எனக்கு ஒப்பாது. நான் நயினார், இதில் எந்தக் கட்சியும் எனக்கு உறவில்லை.

1799 மே 4இல் கோட்டை விழுந்தது. ஆங்கிலேயர் ஐந்து வயது உடையார் பிள்ளையை அரியணையில் வைத்தார்கள். அந்தப் பிள்ளையின் வராகனில் மறுபடி சிவனும் பார்வதியும் வந்து உட்கார்ந்தார்கள்.