காதால் வறுப்பது

வறுபடும் காபிக்கொட்டை இரண்டு முறை வெடிக்கும். முதல் வெடி, அடுப்பில் காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி இருக்கும். ஆரம்பத்தில் ஒவ்வொன்றாக எண்ணலாம். இரண்டாவது, தாளிக்கிற கரண்டியில் கடுகு வெடிப்பதேதான், பொடியாக, அவசரமாக. என் மிஷினில் இந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவே ஒன்றரை நிமிஷம் கிடைக்கும். அதில் எந்த இடத்தில் நிறுத்துகிறேன் என்பதைப் பொறுத்து அந்த வாரத்துக் காபி பழப்புளிப்பாகவோ, வெல்லப்பாகு வாசனையோடோ, பாலுக்கு ஈடு கொடுக்கிற கசப்போடோ அமையும்.

மிஷின் என்று சொல்வது கொஞ்சம் மிகைதான். சோளப்பொரி பொரிக்கிற சாமான் அது. பிளாஸ்டிக் கூடு, உள்ளே கையகல அலுமினியக் கிண்ணம், அதன் கீழே சூடேறும் சுருள்கம்பி, அதற்கும் கீழே ஒரு குட்டி விசிறி. நிமிர்த்தி வைத்த ஹேர் டிரையர் என்றால் பொருத்தமாக இருக்கும். 1200 வாட். பிளக்கில் ஸ்விட்சைப் போட்டால் ஓடும், அணைத்தால் நிற்கும். சூட்டைக் கூட்டிக் குறைக்கத் திருகு கிடையாது. எத்தனை டிகிரி என்று காட்ட முள் கிடையாது. வறுக்கிறவனுக்கு மிச்சமிருப்பவை காது, மூக்கு, கண். முக்கியத்துவமும் அதே வரிசையில்தான். விசிறியின் இரைச்சலுக்கு மேலே முதல் வெடியைப் பிடிக்கக் காது பழகுவதற்கு எனக்கு ஏழெட்டு வறுவல் ஆயிற்று.

காற்றில் வறுப்பது ஏழைக்கேற்ற எள்ளுருண்டை என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், கொர்வாலிஸ் ஊரில் மைக்கேல் சிவெட்ஸ் என்று ஒரு ரசாயனப் பொறியாளர் இருந்தார். 1963இல் காபித் தொழில்நுட்பத்தைப் பற்றிக் கனமான நூல் எழுதிய இருவரில் ஒருவர். இரும்பு உருளையில் போட்டுப் புரட்டினால் கொட்டையின் மேல் தீய்ந்த வாடையும் புகையும் ஏறுகின்றன, சூடான காற்றின்மேல் மிதக்கவிட்டு வறுத்தால் கொட்டையின் சொந்த ருசி நிற்கும் என்பது அவர் கட்சி. அப்படி வறுக்கும் இயந்திரத்துக்கு 1976இல் காப்புரிமையும் வாங்கினார். அவர் மூட்டைக் கணக்கில் செய்ததை, சில வருஷத்தில் அமெரிக்கச் சமையலறைக்கு வந்த காற்றுப்பொரி மிஷின் தனக்கே தெரியாமல் கைப்பிடி அளவில் செய்தது. வெஸ்ட் பெண்ட் கம்பெனியின் ‘பாப்பரி’ என்ற 1500 வாட் மாடலை வீட்டில் காபி வறுக்கும் அமெரிக்கர்கள் பழைய சாமான் கடைகளில் தேடித் தேடி வாங்குவதுண்டு. கென்னத் டேவிட்ஸ் 1996இல் வீட்டு வறுவலுக்கென்றே ஒரு புத்தகம் எழுதியபோது பொரி மிஷினுக்கும் அதில் மரியாதையான இடம் கொடுத்தார்.

எல்லாப் பொரி மிஷினும் இதற்கு ஆகாது. கிண்ணத்தின் பக்கச் சுவரில் சாய்வான கீற்றுகள் இருக்க வேண்டும். காற்று அதன் வழியே பாய்ந்து கொட்டைகளைச் செக்குமாடு மாதிரிச் சுற்ற வைக்கும். கிண்ணத்தின் அடியில் வெறும் வலை இருந்தால் தொடவே கூடாது. நான் முதலில் வாங்கியது அந்த ஜாதி. கொட்டையிலிருந்து உரிந்த தோல் வலை வழியே சுருள்கம்பியில் விழுந்து, நாலாவது நிமிஷம் உள்ளே ஒரு சின்னத் தீபம் எரிந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். விற்றவர் மேல் தப்பில்லை. சோளத்துக்கென்று கொடுத்ததில் நான்தான் வேறு காரியம் செய்தேன்.

இப்போது பால்கனியில்தான் வறுக்கிறேன். தராசில் 90 கிராம் பச்சைக்கொட்டை. பச்சை என்று பேர். பார்க்கப் பாசிப்பயற்றுக்கும் சாம்பலுக்கும் நடுவில் ஒரு நிறம், மோந்தால் வைக்கோல் வாசனை. கிண்ணத்தில் கொட்டி ஸ்விட்சைப் போட்டால் முதல் அரை நிமிஷம் கொட்டை அசையாது. சோளத்தைவிட அதிகம் போடுவதால் காற்றால் தூக்க முடிவதில்லை. மரக்கரண்டிக் காம்பால் கிளறிக்கொண்டே, மிஷினைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். பிறகு ஈரம் போகப் போகக் கனம் குறைந்து தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். பச்சைக்கொட்டையில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு தண்ணீர்தான். இரண்டாவது நிமிஷம் மஞ்சளாகும், நனைந்த புல்லின் வாசனை வரும். இந்தக் கட்டத்தில் யாரையும் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்லாதீர்கள். இதுவா காபி என்று முகம் சுளிப்பார்கள். மூன்றாவது நிமிஷத்தில் ரொட்டி சுடுகிற மணம். கொட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்த மெல்லிய தோல், வெங்காயச் சருகு மாதிரி உரிந்து பொரி வந்து விழவேண்டிய வாய் வழியே பறக்கும். அதைப் பிடிக்க எதிரில் ஒரு பெரிய எவர்சில்வர் அடுக்கு வைத்திருக்கிறேன். ஆனாலும் பாதி, பக்கத்து வீட்டுத் துளசிச் செடியில்தான்.

நாலரை நிமிஷத்துக்குப் பக்கத்தில் முதல் ‘பட்’. கொட்டைக்குள் அடைபட்ட நீராவி, சூடு 200 டிகிரியை எட்டும் தறுவாயில் உள்ளிருந்து உடைத்துக்கொண்டு வருகிற சத்தம் அது. ஒன்று, இரண்டு, பிறகு சரம். கொட்டை உப்பிப் பெரிதாகும், நடுக்கீறல் வாய் திறக்கும், நிறம் கரும்புச்சர்க்கரைப் பழுப்பாகும். சரம் ஓய்ந்ததும் ஒரு மௌனம். புகை மெலிதாக எழும். வாசனையில் இனிப்பு குறைந்து காரம் ஏறும். அந்த மௌனத்தில் நிற்பதுதான் இந்தக் காரியத்திலேயே எனக்குப் பிடித்த பகுதி. ஸ்விட்சின் மேல் விரல் இருக்கும். மொபைல் அடித்தால் எடுக்க மாட்டேன். இங்கே நிறுத்தினால் பால் விடாமல் குடிப்பதற்கு அருமை. பில்டர் காபிக்கு இன்னும் கொஞ்சம் போக வேண்டும். முதல் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டவுடன் அணைத்துவிடுவேன். இரண்டு மூன்று கடுகு வரைக்கும் சகித்துக்கொள்ளலாம். தாளிப்பு முழுசாகக் கேட்டுவிட்டால் கொட்டை எண்ணெய் விட்டு மினுங்கும். எல்லா ஊர்க் கொட்டையும் ஒரே ருசியாகிவிடும்.

அணைத்ததோடு முடியவில்லை. கொட்டைக்குள் சூடு இருக்கும்வரை வறுவல் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு வடிகூடைகளில் மாற்றி மாற்றிக் கொட்டி, மேஜை விசிறிக்கு முன்னால் ஆற்ற வேண்டும். டபராவில் காபி ஆற்றுகிறவர்களுக்குக் கை தானாக வரும். இரண்டு நிமிஷத்தில் கையில் அள்ளுகிற பதத்துக்கு வர வேண்டும். 90 கிராம் போட்டது 76 கிராம் ஆகியிருக்கும். அளவு மட்டும் ஒன்றரை மடங்கு.

இந்த வறுவலுக்கு என் அளவுகோல் சேலத்து அத்தைதான். அத்தை வீட்டில் கரி அடுப்பின்மேல் ஒரு இரும்பு உருளை இருந்தது. குறுக்கே கம்பி, கம்பியின் முனையில் கைப்பிடி. உட்கார்ந்து சுற்றிக்கொண்டே இருப்பாள், இருபது நிமிஷத்துக்குக் குறையாமல். இறக்குவதற்கு முன்னால் ஒரு கொட்டையை எடுத்துப் பல்லில் கடிப்பாள். சுத்தமாக முறிந்தால் சரி. கடைசியில் நாலு சொட்டு நெய். பிறகு திண்ணைப் பலகையில் திருகி வைத்த கை மிஷினில் நான் அரைக்க வேண்டும். அந்தக் கொட்டை சாயங்காலம் ஏற்காட்டிலிருந்து இறங்கும் பஸ்ஸில் பையோடு வந்ததாக இருக்கும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டு மலையில் காபி வைத்த நாளிலிருந்து அந்த மலையடிவாரத்துக்குப் பச்சைக்கொட்டை அந்நியமில்லை.

உருளை வறுவலுக்கும் காற்று வறுவலுக்கும் நாக்கில் நல்ல வித்தியாசம் தெரியும். உருளையில் சூடு இரும்பிலிருந்து வருகிறது, மெதுவாக ஏறுகிறது. காபி தடிமனாக, அமைதியாக இருக்கும். காற்றில் சூடு நாலாபக்கமும் ஒரே நேரத்தில் தாக்குகிறது, புகையும் தோலும் உடனே வெளியேறுகின்றன. காபி மெலிதாக, வெளிச்சமாக இருக்கும், புளிப்பு முன்னால் வந்து நிற்கும். சிவெட்ஸ் என்ன சொன்னாலும், பாலும் சர்க்கரையும் போட்ட காபியில் உருளைக்குத்தான் என் ஓட்டு. பால் விடாத காபி என்றால் பொரி மிஷின் கிட்டே யாரும் வர முடியாது.

கொட்டையைப் பொறுத்தும் இது மாறும். பீபெரி இந்த மிஷினுக்கென்றே பிறந்தது. பழத்துக்குள் இரண்டு தட்டைப் பருப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே உருண்டையாக விளைந்தது அது. உருண்டை என்பதால் நன்றாகப் புரளும், நாலுபுறமும் ஒரே நிறம் ஏறும். பிளாண்டேஷன் ஏ என்ற ரகம் கொஞ்சம் சோம்பல். முதல் நிமிஷம் விடாமல் கிளற வேண்டும். மேற்குக் கரையில் மழைக்காற்றில் ஊறவிட்டு வெளுத்துப்போன மான்சூன்ட் மலபார், கனம் குறைவென்பதால் ஆரம்பத்திலேயே ஆட்டம் போடும். ஆனால் அது வெளிறிய நிறத்தில் தொடங்குவதால் கண்ணை நம்பினால் ஏமாந்துபோவோம். ரோபஸ்டாவை இதில் நான் வறுப்பதில்லை. அதன் முரட்டுத்தனத்தை மட்டுப்படுத்த நிதானமான சூடு வேண்டும். இந்த மிஷினுக்கு நிதானம் தெரியாது.

ஒரு விநோதம்: கொட்டை அதிகம் போட்டால் மெதுவாக வறுபடும் என்றுதானே தோன்றும்? நேர்மாறு. கொட்டை அடைத்துக்கொண்டு காற்று தயங்குவதால் கிண்ணத்தில் சூடு ஏறிவிடும். 120 கிராம் போட்ட அன்று மூன்றேகால் நிமிஷத்தில் முதல் வெடி கேட்டு, வெளியே கறுப்பு, உள்ளே பச்சை. கரண்டும் சும்மா இருக்காது. ராத்திரி எட்டு மணிக்குத் தெருவில் எல்லா ஏசியும் ஓடும்போது வோல்டேஜ் இறங்கும், ஆறு நிமிஷ வறுவல் ஒன்பது நிமிஷம் இழுக்கும். அப்படி இழுத்தது காபியாக வராது. அவித்த பட்டாணித் தண்ணி மாதிரி சப்பென்று இருக்கும். அதனால் காலை ஐந்தரை மணி என்று வைத்துக்கொண்டேன். மாடிவீட்டு மாமா முதல் வாரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்து, “ஏம்ப்பா, ஏதோ தீயற வாசனை வருது, அடுப்பை மறந்துட்டியா?” என்றார். இப்போது சனிக்கிழமை தவறினால், “இந்த வாரம் வறுக்கலையா?” என்று கேட்கிறார்.

வறுத்த அன்றே அரைத்துக் குடிப்பதுதான் வாசனை என்று நினைப்பது தப்பு. புதிதாக வறுத்த கொட்டை கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். அன்றைக்கே பில்டரில் போட்டால் பொடி நுரைத்து எழும்பி, தண்ணீர் சரியாக இறங்காது. டிகாக்‌ஷன் சுருக்கென்று குத்தும். பாட்டிலை இறுக மூடாமல் இரண்டு நாள் விட வேண்டும். மூன்றாம் நாள் காலையில் மூடியைத் திறக்கும்போது வரும் வாசனைக்குத் தமிழில் நல்ல சொல் தேடிக்கொண்டிருக்கிறேன். முந்திரி, வெல்லம், லேசாக ஆரஞ்சுத் தோல் என்று பிரித்துச் சொல்லலாம். ஆனால் மூக்கு அதைப் பிரிக்காமல்தான் வாங்குகிறது.

போன பொங்கலுக்கு அத்தையை அழைத்து வந்திருந்தோம். எண்பத்துமூன்று வயது, கண் மங்கிவிட்டது, மூக்கு மங்கவில்லை. ஏற்காட்டுப் பீபெரி, மூன்று நாள் ஆறியது, இரண்டாவது கடுகில் நிறுத்தியது. டிகாக்‌ஷன் இறக்கி, கறந்த பாலில் கலந்து, டபராவோடு கையில் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்காமல் யோசித்தாள்.

“நெய் விட்டியாடா?”

“இல்ல அத்தை. மிஷின்ல நெய் விட முடியாது.”

“சிக்கரி?”

“போடலை.”

இன்னொரு மிடறு. “எத்தனை நேரம் வறுத்தே?”

“ஆறு நிமிஷம்.”

“ஆறு நிமிஷமா!” என்று அத்தை சிரித்தாள். பிறகு டம்ளரை நீட்டி, “இன்னும் கொஞ்சம் டிகாக்‌ஷன் விடு, பால் வேண்டாம்” என்றாள்.