நீர் காத்த அய்யனாரின் இலாகா

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலை ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது அய்யனார் கோவில். சாமியின் பெயர் நீர் காத்த அய்யனார். பெயரிலேயே இலாகா! மலையில் பெய்கிற மழை ஊருக்குக் குடிதண்ணீர். அதே மழை கொஞ்சம் வேகம் பிடித்தால், சாமி கும்பிடப் போனவர்கள் அக்கரையில் மாட்டிக்கொள்வார்கள். தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டி அழைத்து வரவேண்டும்.

'காலநிலை மாற்றத்துக்குத் தனி அமைச்சகம் வேண்டும்' என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த ஆறுதான் ஞாபகம் வரும். காடு வனத்துறைக்கு. மழை எச்சரிக்கை மத்திய அரசின் வானிலைத் துறைக்கு. குடிநீர் நகராட்சிக்கு. கீழே கண்மாய் நீர்வளத் துறைக்கு. மாந்தோப்பு தோட்டக்கலைக்கு. வெள்ள நிவாரணம் வருவாய்த் துறைக்கு. ஒரு ஆற்றுக்கு ஆறு இலாகா! ஏழாவதாக ஒன்று வந்தால் என்ன செய்யும்? மற்ற ஆறுக்கும் கடிதம் எழுதும்.

போர்டு மாற்றுவதில் நாம் சளைத்தவர்கள் இல்லை. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பெயரில் 2014-ல் காலநிலை மாற்றம் சேர்ந்தது. தமிழ்நாட்டுத் துறையின் பெயரில் 2021-ல் சேர்ந்தது. பெயர் நீண்டது சரி, கை நீண்டதா? மின்சாரம், போக்குவரத்து, தொழில்... புகை வருகிற இடமெல்லாம் வேறு அமைச்சர்களிடம் அல்லவா இருக்கிறது!

தனிக் கடை போட்டவர்கள் கதையையும் பார்ப்போம். ஆஸ்திரேலியா 2007-ல் தனித் துறை வைத்தது. 2013-ல் அதை மூடிவிட்டார்கள். பிரிட்டன் 2008-ல் எரிசக்தியையும் காலநிலையையும் சேர்த்து ஒரு துறை தொடங்கி, 2016-ல் கலைத்தது. ஆனால் அங்கே அதே 2008-ல் ஒரு சட்டமும் போட்டார்கள். ஐந்தைந்து வருடத்துக்கு இவ்வளவு புகைதான் என்று உச்சவரம்பு. கணக்குப் பார்க்கத் தனிக் குழு. துறை போனது, சட்டம் நின்றது. 2024 செப்டம்பரில் அங்கே கடைசி நிலக்கரி மின் நிலையமும் மூடப்பட்டது. சட்டம் மட்டுமே காரணமில்லைதான். ஆனால் கணக்குக் கேட்க ஆள் இருந்தது.

பி.காம். படித்தவனுக்குத் தெரிந்த உதாரணம் சொல்கிறேன். டிரையல் பேலன்ஸ் ஒத்துவராவிட்டால், இடிக்கிற தொகையைத் தூக்கி 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒரு தலைப்பில் போடுவோம். தற்காலிக நிம்மதி! தப்பு எங்கே என்பது மட்டும் அப்படியே இருக்கும். அதிகாரமில்லாத காலநிலை அமைச்சகம் அந்த சஸ்பென்ஸ் அக்கவுண்ட்தான். மற்ற துறைகள் தங்கள் பாவத்தை அதில் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கும்.

தமிழ்நாட்டில் 2022-ல் முதலமைச்சர் தலைமையில் காலநிலை மாற்றத்துக்கு ஓர் ஆட்சிக்குழு அமைத்தார்கள். அது சரியான நாற்காலி. எல்லாத் துறையையும் கூப்பிட்டுக் கேட்க அவரால்தான் முடியும். கூடவே ஒரு சட்டமும் வேண்டும். பட்ஜெட் நாளில் ஒவ்வொரு அமைச்சரும் தன் துறையின் புகைக்கும் தண்ணீருக்கும் சபையில் எழுந்து கணக்குச் சொல்லட்டும்.

அதுவரை இலாகாவை அய்யனாரே பார்த்துக்கொள்ளட்டும். அவருக்கு போர்டு மாற்றுகிற செலவாவது இல்லை.