இரண்டரை மில்லி ரத்தம்

சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் குடியிருப்பது மூச்சுக்குழல்களிலும் காற்றறைகளிலும். அதைப் படிக்கக் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பானேன் என்று தோன்றும். எடுப்பதற்கு நியாயம் இருக்கிறது. இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் தள்ளும் ரத்தம் முழுக்க நுரையீரலைக் கடந்துதான் ஆக வேண்டும். அங்குள்ள நுண்குழாய்கள் பலவற்றின் அகலம் 5 மைக்ரான் சுமாருக்குத்தான். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவோ 7, 8 மைக்ரான். சிவப்பணு முக்கால் நொடியில் தாண்டிவிடுகிற இடத்தில் இது உடம்பைக் குறுக்கி, நீட்டி, நின்று நின்று போகிறது. சிகரெட் பிடிக்கிற நேரத்தில் இன்னும் தாமதிக்கிறது என்று 1989-இல் வில்லியம் மக்னீ குழுவினர் காட்டினார்கள். புகைபட்ட நுரையீரலை இவ்வளவு நெருங்கி உரசிவிட்டு வருகிற அணுவிடம் விசாரிப்பதில் தவறென்ன?

விசாரிக்கும் விதம்தான் அழகு. எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அணுவுக்குள் இருக்கும் ஆர்.என்.ஏ. சொல்லும். ஆனால் ரத்தம் குழாய்க்கு வந்த பிறகும் அணுக்கள் சும்மா இருப்பதில்லை, ஆர்.என்.ஏ. மாறிக்கொண்டே போகும். அதனால் அந்தக் கணத்தை அப்படியே நிறுத்திவைக்கும் திரவம் நிரம்பிய பாக்ஸ்ஜீன் குழாயில் 2.5 மில்லி பிடிக்கிறார்கள். அதிலும் பாதிக்கு மேல் குளோபின் ஆர்.என்.ஏ.வே வந்து அடைத்துக்கொள்ளும். உட்கருவை இழந்துவிட்ட இளம் சிவப்பணுக்கள் கடைசியாக விட்டுவைத்த மிச்சம் அது. அதை விலக்கினால்தான் மற்றவை காதில் விழும்.

அமெரிக்காவில் புகைபிடித்தவர்கள் 10,000-க்கும் மேற்பட்டோரைச் சேர்த்த சி.ஓ.பி.டி.ஜீன் ஆய்விலும் இப்படிப் பிடித்த ரத்தம் உண்டு. இந்த வகை ஆய்வுகளில் நான் ரசிப்பது கண்டுபிடிப்பை அல்ல, சந்தேகத்தை. கல்யாண மண்டபத்தில் இரைச்சல் கூடினால், வந்தவர்கள் குரலை உயர்த்திவிட்டார்களா, உரக்கப் பேசுகிறவர்களே அதிகம் வந்திருக்கிறார்களா? நோயாளிக்கு நியூட்ரோஃபில் கூடி, லிம்ஃபோசைட் என்ற இன்னொரு வகை வெள்ளணு குறைந்திருந்தால், ஒரு அணுவும் மாறாமலே நூற்றுக்கணக்கான மரபணுக்கள் மாறியதாகக் கணக்கு காட்டும். எனவே அணு விகிதத்தைக் கழிக்கிறார்கள். அடுத்தது சிகரெட். எல்.ஆர்.ஆர்.என்.3, ஜி.பி.ஆர்.15 என்ற மரபணுக்கள் இரண்டும் ரத்தத்தில் ஏறியிருந்தால் அது பெரும்பாலும் புகையின் முத்திரை. நுரையீரல் நன்றாக இருப்பவரிடமும், புகைக்கிறவராக இருந்தால் ஏறும், விட்டவரிடம் இறங்கும். பிறகு ஸ்டீராய்டு. மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்தில் எஃப்.கே.பி.பி.5 என்ற மரபணு எகிறிவிடும், அதை நோயென்று எழுதினால் மருந்தையே நோயாக்கியதாகும். இத்தனையும் கழித்த பின் எஞ்சுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்குத்தான் மதிப்பு. கழிப்பதற்கு முன் கிடைத்த மரபணுப் பட்டியலின் நீளத்தைக் காட்டிப் பெருமைப்படும் கட்டுரைகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

சிகிச்சை அறைக்கு இந்த ஆர்.என்.ஏ. பட்டியல் இன்னும் வந்து சேரவில்லை. உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு யாருக்குப் பலன் தரும் என்று பார்க்க, ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளணு 300-ஐத் தொடுகிறதா என்ற சாதாரண எண்ணிக்கைதான் துணை. நோய் உண்டா இல்லையா என்பதற்கு ஸ்பைரோமீட்டரில் ஊதித்தான் ஆக வேண்டும்: மூச்சுக்குழல் விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், முதல் நொடியில் வெளியேறும் காற்று மொத்தத்தில் 70 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அடைப்பு. மாதக்கணக்கில் இருமலும் மாடி ஏறினால் இளைப்புமாக இருப்பவர்கள் ரத்தப் பரிசோதனைக்குக் காத்திராமல் இதை ஊதிப் பார்த்துவிடுங்கள்.