தோட்டத்து நாவலும் வாரிசுரிமையும்

மலேசியத் தமிழர் வாழ்வைச் சித்திரிக்கும் படைப்புகளில் உழைப்பு உண்டு, வறுமை உண்டு, கங்காணியின் அதட்டலும் கள்ளுக்கடையின் சீரழிவும் உண்டு. ஆனால், ஒரு தலைமுறை தேடியது அடுத்த தலைமுறைக்கு எவ்வாறு செல்கிறது என்னும் வினா அவற்றில் அரிதாகவே எழுகிறது. ‘தேடியிருந்தால் அல்லவா கொடுப்பதற்கு?’ என்று இதற்கு விடை கூறுவோர் உளர். அவ்விடை பாதி உண்மையே. மறுபாதியை ஆராய்வதற்குக் கே. எஸ். மணியம் எழுதி 1981இல் வெளிவந்த ‘தி ரிட்டர்ன்’ என்னும் ஆங்கில நாவல் பெரிதும் துணைசெய்கிறது.

கெடா மாநிலத்துப் பீடோங்கில் 1942இல் பிறந்து 2020இல் மறைந்த மணியம், தம் நாவலின் களமாகவும் பீடோங்கையே கொண்டார். அந்நாவலை வேரற்ற வாழ்வின் கதையென்று கொள்வதே வழக்கம். எனினும், அதன் கட்டுக்கோப்பை ஊன்றி நோக்கினால், அது வாரிசுரிமையின் கதை என்பது புலனாகும்.

மூன்று ஆண் பிள்ளைகளுடன் இந்நாட்டிற்கு வந்த பெரியதாய், தன் உழைப்பால் ஒரு வீட்டை எழுப்புகிறாள். வீடு அவளுடையது, மண் அவளுடையதன்று. 1958இல் அவள் இறக்கும்போது மகனுக்கு எஞ்சுவது நிலமன்று. நிலத்தின் மீதான ஏக்கமே. சலவைத் தொழில் செய்யும் நைனா அவ்வேக்கத்தைத் தீர்க்க வேண்டிய கடனாக ஏற்கிறான். தனக்குரிமையில்லாத நிலத்தில் வீடு கட்டிப் பயிரிட்டு, அதனை விட்டு அகல மறுத்து, இறுதியில் அவ்வீட்டோடு தீயில் மாண்டு போகிறான். மூன்றாம் தலைமுறையான ரவிக்குக் கிட்டியது கல்வி. இங்கிலாந்து சென்று ஆசிரியப் பயிற்சி பெற்றுத் திரும்பிய அவனிடம், தந்தைக்காக எழுதிய ஒரு கவிதையே முடிவில் மிஞ்சுகிறது.

மைந்தனை அவையில் முந்தியிருக்கச் செய்வதே தந்தையின் கடமை என்றார் வள்ளுவர். தோட்டத்துப் பெற்றோர் பலர் அவ்வாக்கையே தம் உயிலாகக் கொண்டனர். ஆயினும், கல்வி மட்டுமே போதுமான சொத்தா என்ற வினாவை மணியம் துணிந்து எழுப்புகிறார். படித்த மகனுக்குத் தந்தையின் மண்பித்தம் விளங்கவில்லை. தந்தைக்கு மகனின் படிப்பு நிலப்பட்டாவைத் தேடித் தரவில்லை. இருவரும் அமர்ந்து பேசியிருக்க வேண்டிய பேச்சு பேசப்படாமலே போகிறது. நாவலின் உண்மையான அவலம் தீயன்று, இந்த மௌனமே.

இங்கு ஒரு குறையையும் சுட்ட வேண்டும். கதை ரவியின் கண்வழியே நகர்வதால், நைனாவின் மனைவியும் ஏனைய மக்களும் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றனர். எரிந்த வீட்டிற்குப் பின் அவர்களுக்கு எது உரியது என்னும் கேள்வியை நாவல் முழுமையாகத் தொடவில்லை. நிலத்தின் மீதான வேட்கையை மனத்தின் நோயாகக் காட்டிய படைப்பாளர், அதனைக் குடும்பத்தின் கணக்காகவும் காட்டியிருக்கலாம்.

அக்கணக்கு பீடோங்கிற்கு மட்டும் உரியதன்று. ராசா முதலாகச் சிலாங்கூரின் வடபகுதித் தோட்டங்கள் எங்கும் அதுவே நிகழ்ந்தது. லயத்து வீடு வேலையோடு வந்தது; வேலையோடு போயிற்று. பெற்றோர் ஓய்வுபெற்ற பின்னும் அதே கூரையின் கீழ் இருக்க வேண்டுமானால், பிள்ளைகளுள் ஒருவர் தோட்டத்து வேலையில் சேர வேண்டியிருந்தது. ஆக, தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய சொத்து பால்வெட்டும் கத்தியே. புக்கிட் தாகார், நைகல் கார்ட்னர், மேரி, சுங்கை திங்கி, மிஞ்ஞாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் வீட்டுரிமைக்காகப் பல்லாண்டு போராடியதன் வேரும் இதுவே.

எனினும், கொடுக்க ஒன்றுமே இல்லை என்னும் நிலை என்றும் நீடிக்கவில்லை. 1951இல் ஊழியர் சேமநிதி தோன்றியது. துண்டாடலால் தோட்டங்கள் சிதறிய காலத்தில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்திப் பங்கு பெற்ற பால்வெட்டுத் தொழிலாளியும் நிலத்தில் உரிமையுடையவரானார். பின்னர் மலிவுவிலை வீடுகளும் வந்தன. பொருள் வந்தது, அதனைக் கைமாற்றும் பழக்கம் அதே அளவில் வளரவில்லை.

பெரியதாய் இறந்த அதே 1958இல்தான் உயிலின்றி இறப்போரின் சொத்தைப் பகிரும் சட்டம் இந்நாட்டில் இயற்றப்பட்டது. 1997ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், முஸ்லிம் அல்லாத ஒருவர் உயிலின்றி இறந்தால், துணைவருக்குக் கால் பங்கு, மக்களுக்கு அரைப் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு என அது வகுக்கிறது. மூத்த மகனுக்கே எல்லாம் என்பது வழக்கமாக இருக்கலாம்; சட்டம் அவ்வாறு கூறவில்லை. மகளும் மகனும் அதன்முன் நிகர். உயில் எழுதுவதும் செல்வர்க்கு மட்டும் உரிய செயலன்று. பதினெட்டு வயது நிரம்பியவர், தெளிந்த மனத்துடன், இரு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டால் போதும். பயன்பெறுவோரும் அவர்தம் துணைவரும் சாட்சியாகலாகாது. சேமநிதியில் பெயர் பதிவுசெய்வது அதனினும் எளிது. இவற்றைச் செய்யாத வீடுகளில் இறந்தவர் பெயரிலேயே பட்டா கிடக்கிறது. உடன்பிறந்தோர் ஒருவர் வாசலை ஒருவர் மிதிப்பதில்லை. சாவைப் பேசினால் சாவு வரும் என்னும் அச்சமே இதற்குக் காரணம்.

நைனாவுக்கு நிலமில்லை, ஆகவே அவன் தீயில் வீழ்ந்தான். அவனுடைய பேரப்பிள்ளைகளின் தலைமுறைக்கு வீடும் சேமிப்பும் உண்டு. அவர்களும் பேசாதிருந்தால், குறை வறுமையினுடையதன்று. மண் கிடைக்காத தலைமுறையின் கதையை மணியம் எழுதிவிட்டார். மண் கிடைத்தும் அதை மக்களிடம் ஒப்படைக்கத் தெரியாத தலைமுறையின் கதை இன்னும் போதுமான அளவு எழுதப்படவில்லை. அதனை எழுதுவது நம் தமிழ் நாவலாசிரியர்களின் முன் நிற்கும் கடமை ஆகும்.